வெயிலில் நின்றவருக்கு ஒரு மாத்திரை

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பூச்சு பூசும் அவரை எல்லோரும் ‘ஏணி’ என்பார்கள். ஆள் என்னவோ குள்ளம்தான். மேலே ஏறினால் சாப்பாட்டுக்குக்கூட இறங்கமாட்டார். அதனால் வந்த பெயர்.

சிறுநீரகம் சில வருடங்களாகவே பழுது. இப்போது எலும்பு வலியும் சேர்ந்து, முதல் படியில் கால் வைத்தாலே இடுப்பைப் பிடித்தது. வைட்டமின் டி குறைவு என்று டாக்டரம்மா சொன்னதும் அவருக்குச் சிரிப்பு.

“நாள் முழுக்க வெயில்ல வேகறேன். என்கிட்ட இல்லாத வைட்டமினா?”

“வெயில் குடுக்கறதை உடம்புக்கு உதவற மாதிரி மாத்தறது கிட்னிதாங்க. உங்க கிட்னியால அது முடியல. மாத்தி வெச்ச மாத்திரை இது. தினம் ஒண்ணு.”

வீட்டில் மனைவியிடம் சொன்னார்: “பூச்சை இறுக வைக்கற நம்ம ஹார்ட்னர் மாதிரிதான். அதைக் கலக்கலேன்னா எத்தனை டின் பூசினாலும் இறுகாது.”

புரிந்துகொண்டார், பாதி. பாதி புரிந்தவனுக்கு வரும் தைரியம் முழுதும் புரிந்தவனுக்கு வராது. பள்ளிக்கூடத் தொட்டி வேலை ஒன்று காத்திருந்தது. அதற்குள் இடுப்பு சரியாகி ஏணியில் ஏறியாக வேண்டும். மழை வரும்போல் இருந்தால், பூச்சு சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவது அவர் கைப்பழக்கம். மாத்திரையையும் கூட்டினார்.

வலி குறையவில்லை. நாக்கு வறண்டது, சோற்றைக் கண்டால் குமட்டியது. மனைவி காலி அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“என்னங்க, இது மாத்திரையா, வறுத்த கடலையா?”

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மாத்திரை கூடியதால் ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார். “இப்படியே போனா இருக்கற கிட்னியும் போயிடும்.”

“ஹார்ட்னர் அதிகமானா என்ன ஆகும்? டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“டின்லயே கல்லாயிடும்,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

பள்ளிக்கூட வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. கால்சியம் இறங்கியபின், குறைந்த அளவில் மாத்திரை மறுபடி தொடங்கியது. அட்டை மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது. இடையிடையே ரத்தப் பரிசோதனை. வலி மெதுவாக, அவர் பொறுமையைச் சோதித்தே விலகியது.

போன வாரம் ஒரு மாடித் தொட்டியில் ஏறினார். இடுப்பு பிடிக்கவில்லை. கீழிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

“மேகம் கட்டுதுப்பா! ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டி ஊத்து!”

“அளவு அளவுதான் சார். மழை வந்தா நாளைக்கு ஏறிக்கறேன்,” என்றார் ஏணி. “இனிமே ஏற முடியும்.”