எங்கள் வீட்டுப் பா

போன வாரம் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, "மிஸ், இது ஃபா" என்றது. அந்த 'ஃ' இருக்கிறதே, அவ்வளவு சுத்தம்! பாராட்டத்தான் வேண்டும். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குழந்தையின் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு மிட்டாய் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். உங்களுக்கு மிட்டாய் கிடையாது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பப்பாவுக்கு முன்பல் இரண்டும் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே கடற்கரைச் சாலையில் சைக்கிளோடு விழுந்து போனவை. அப்பாவைப் பப்பா என்றுதான் எங்கள் வீட்டில் கூப்பிடுவோம். தாத்தா காலத்துப் பிரெஞ்சில் எங்களுக்கு மிஞ்சியது அதுவும் நன்றி சொல்ல ஒரு 'மெர்சி'யும்தான். பப்பா பகலில் அலுவலகத்தில் ஃபைல் கட்டுவார், சாயங்காலம் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்துவார். யாரோ ஒரு பிரெஞ்சுச் சாமியார் பழக்கிவிட்ட முறை அவருடையது: தோ, ரே, மி, ஃபா, சோல். நம்முடைய ஸ அவருக்குத் தோ, நம்முடைய மத்திமம் அவருக்கு ஃபா. பல் இல்லாத வாயில் ஃபா எப்படி வரும்? பா என்றுதான் வந்தது. குழுவில் அத்தனை பேரும் அப்படியே பிடித்துக்கொண்டோம். கர்நாடக சங்கீதத்தில் ப என்றால் அது மத்திமத்துக்கு அடுத்த ஸ்வரம், பஞ்சமம். இந்தச் சின்ன விஷயம், நான் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு சேரும் வரை, எங்கள் தெருவில் யாருக்கும் தொந்தரவு தரவில்லை.

கல்லூரியில் மூன்றாவது வருஷம். செல்போனில் எல்லோரும் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். ஒரு பள்ளியில் ஜூன் மாதம் பாட்டு டீச்சராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். "பாஸ் பண்ணிட்டு வாம்மா" என்று ஒரே ஒரு நிபந்தனை. மாடல் பிராக்டிகலில் கற்பனை ஸ்வரம் பாடும்போது நான் மத்திமத்தில் நின்றுகொண்டு நாலு தரம் பா என்றேன். பயம் வந்தால் எனக்கு வீட்டுப் பாஷை வந்துவிடும். போட்ட மார்க்கை இங்கே சொல்ல மாட்டேன், மானம் போகும்.

என் சிநேகிதி குமுதா வயலின் மாணவி. தவளக்குப்பத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பெட்டிக்குள் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியும், வீட்டுக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலையும் ஒன்றாகக் கிடக்கும். ரோசின் வாசனை கிட்டத்தட்ட சாம்பிராணி வாசனை. அது மூக்கில் ஏறினாலே நான் கோயிலுக்குப் போய்விடுவேன், வாயில் பா வரும், அவள் வில்லின் அடிப்பக்கத்தால் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவாள். அந்த ஏப்ரல் முழுக்க என் வலது முழங்கால் கன்றிப்போயிருந்தது. போதாக்குறைக்கு அது ஈஸ்டர் ஒத்திகை நேரம். காலையில் குமுதா அடித்து வெளியேற்றிய 'பா'வை, சாயங்காலம் பப்பா திரும்ப உள்ளே அழைத்துவந்துவிடுவார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது குமுதாவுக்கு ஒரு யோசனை பிறந்தது.

"ஏய், பஞ்சமமே இல்லாத ராகமா எட்துக்கோடி. மொதல் ராகம் நம்ம இஷ்டந்தான? ஸ்ரீரஞ்சனி எடு. அதுல பாவே கெடையாது. இல்லாதத எப்டி சொல்லுவ?"

எனக்கு அது பிரம்ம ரகசியமாகப் பட்டது. இரண்டு பேரும் கடலைத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தோம். நம் புத்திசாலித்தனத்தைப் பார்த்து நாமே சிரிக்கும்போது கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று அப்போது தெரியவில்லை.

பரீட்சையன்று வெளியூரிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்திருந்தார்கள், ஒரு அம்மா, ஒரு ஐயா. குமுதா எனக்குப் பக்கவாத்தியம். பப்பா லீவு போட்டுவிட்டு வந்து, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வெந்நீர் பிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தார். ஆலாபனை நன்றாகவே போயிற்று. கீர்த்தனையும் தேறியது. கற்பனை ஸ்வரம் தொடங்கும்போது தெரியாத்தனமாக ஜன்னலைப் பார்த்துவிட்டேன்.

பப்பா உதவி செய்துகொண்டிருந்தார். கோயிலில் நான் தடுமாறும்போது செய்கிற அதே உதவி. நாலாவது ஸ்வரம் என்று நாலு விரலைத் தூக்கிக் காட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமில்லாமல் 'பா' என்றார்.

"ஸ ரி க பா" என்றேன் நான். விடாமல், "க பா ரி க ரி ஸ" என்று முடித்தும் வைத்தேன்.

அந்த அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். "ஏம்மா, ஸ்ரீரஞ்சனில பஞ்சமம் எங்கேருந்து வந்துது?"

ஐயா பேனா மூடியைத் திறந்தார். ஜூன் மாதம், பள்ளிக்கூடம், முதல் சம்பளத்தில் பப்பாவுக்குக் கட்டவிருந்த பல் செட் எல்லாம் என் கண் முன்னால் கரைந்தன. பக்கவாத்தியம் வாயைத் திறக்கக் கூடாது. குமுதா திறந்தாள்.

"மேடம், சுருதி மத்திமந்தான் மேடம். பேருதான் மாறிப்போச்சு. அவங்க கோயில்ல அப்டித்தான் சொல்லுவாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தோ ரே மியை அழுகையும் விக்கலுமாக விளக்கினேன். கடைசியில், "பப்பாவுக்கு முன்பல் இல்ல மேடம்" என்றேன்.

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பப்பாவின் நாலு விரலும் இன்னும் மேலேதான் இருந்தன. தம்மைத்தான் பார்க்கிறார்கள் என்றதும் மரியாதையாகப் புன்னகைத்தார், ஆதாரம் முழுசாகத் தெரிய.

ஐயா சிரித்த சிரிப்பில் சுருதிப் பெட்டியே கேட்கவில்லை. "அப்ப மார்க்க உங்கப்பாவுக்குத்தான் கொறைக்கணும்" என்றார். அந்த அம்மா, "பேரே வேணாம். அதையே அகாரத்துல பாடு" என்றார். வெறும் 'ஆ'வில் பாடினேன். என் வாழ்க்கையிலேயே அதைவிட நன்றாக நான் பாடியதில்லை. முதல் வகுப்பெல்லாம் இல்லை, தேறினேன், அவ்வளவுதான். ஜூனில் சேர்ந்த அதே பள்ளியில்தான் இன்றும் இருக்கிறேன்.

நடந்ததைக் குமுதா நடித்தே காட்டினாள். பப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில், "நாந்தான் கெடுக்கப் பாத்தனா?" என்று ஒரு தரம் கேட்டார். "அய்ய, உடுங்க பப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஆர்மோனியக் கட்டையில் விரலை வைத்துக்கொண்டு, "மாலேருந்து எடுங்க" என்றார்.

குழு முழித்தது. "எந்த மா? இட்லி மாவா?" என்றது பின்வரிசை.

"நாலாவது சொரம். இனிமே மாதான். சங்கீதம் படிச்ச பொண்ணு இருக்குதில்ல" என்றார். கொஞ்ச நாள் தடுமாறினார். பா என்று தொடங்கி, உதட்டை மடித்து, மா என்று மாற்றுவார். பிறகு பழகிவிட்டது, குழுவுக்கும் பழகிவிட்டது. பப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்று அந்தக் கோயிலில் மத்திமத்தைப் பா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்கு வேண்டியது அந்த ஒரு நாள் தப்பிப்பதுதான். பரீட்சை முடிந்துவிட்டது, நீங்கள் பா என்றே சொல்லுங்கள் பப்பா என்று அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. சொல்லவே இல்லை.