தெருவில் மிதவை, மண்ணுக்கடியில் குழாய்

மணப்பாடு கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாக வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன ஜனவரியில்தான் வேளை வந்தது. தூத்துக்குடியில் ரயிலைவிட்டு இறங்கி, திருச்செந்தூர் பஸ் ஏறுவதற்கு முன் கடலோரத் தெருக்களைச் சுற்றிவர நூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன்.

இரண்டாவது தெருவிலேயே வண்டி நின்றது. புதிதாக எழும்பும் அடுக்குமாடிக்காக ஒரு பொக்லைன் தெருவை மறித்துப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. "திருப்புங்க அண்ணாச்சி" என்று எரிந்து விழுந்தேன். டிரைவர் அசையவில்லை. "பின்னாலயும் வண்டி நிக்கி. அங்கன பாருங்க, ரோட்டுல மிதவை போட்டிருக்காவ."

தெருவின் நீளத்துக்கும் கயிறு, அதில் வலைக்குக் கட்டும் ஆரஞ்சு மிதவைகள். பக்கத்தில் கறுப்பு மிதவைகள் இன்னொரு வரிசை. கடலில் வலை கிடக்கும் இடத்தைப் படகு மிதித்துவிடாமல் காட்டுவது போல, மண்ணுக்கடியில் குழாய் போகும் வழியைக் காட்டியிருந்தார்கள். இதைச் செய்தது அந்தத் தெருக்காரர்கள். எனக்குக் கோபம் போய் வியப்பே வந்துவிட்டது.

மிதவை ஓரமாகவே ஒரு பெண்மணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ரெஜினா. மறுநாள் மகளுக்குக் கல்யாணம், விருந்து அதே தெருவில்.

"ஆரஞ்சு, குடிதண்ணி. கறுப்பு, சாக்கடை லைன். ரெண்டும் ஒடஞ்சு கலந்துட்டுன்னா நாளைக்குப் பந்தியில என்னத்த வைப்பேன்?" என்றார். பொக்லைன் ஓட்டும் மாரிமுத்து விளாத்திகுளத்துக்காரர். மிதவையை நெருங்கியதும் வண்டியை அணைத்துவிட்டு, மண்வெட்டி எடுத்துக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தார். ரெஜினாவின் கண் அவரைவிட்டு நகரவேயில்லை.

அப்போதுதான் ரெஜினாவுக்குப் பின்னால், கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம். பந்தல் கால் நட ரெஜினாவின் தம்பி வந்திருந்தார். இடைஞ்சல் என்று இரண்டு ஆரஞ்சு மிதவைகளைத் தள்ளிவைத்துவிட்டு, அதே இடத்தில் குழி போட்டுக்கொண்டிருந்தார்!

மாரிமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். "அண்ணாச்சி, கடப்பாரையை நிறுத்துங்க! கீழ குழா கெடக்கு!"

தம்பி கடப்பாரையைக் கீழே போட்டார். மாரிமுத்து கையாலேயே மண்ணை விலக்கினார். ஒரு சாண் ஆழத்தில் குழாய் தெரிந்தது. கீறல்கூட இல்லை.

"ஏலே, நான் இவரைக் காவல் காத்துட்டு இருக்கேன், நீ எங்கனலே கண்ண வச்சிருந்த?" என்று தம்பியை வாங்கு வாங்கென்று வாங்கிய ரெஜினா, அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். பிறகு மணல் நிரப்பிய டிரம்களில் பந்தல் கால்களை நிறுத்தினார்கள். மாரிமுத்துவே இரண்டு டிரம்களை உருட்டி வந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: திருச்செந்தூர் வரை நாற்பது கிலோமீட்டர், பஸ் நிறைய உண்டு. மணப்பாடு அங்கிருந்து இன்னும் பதினெட்டு. மாலை வெயிலில் பாருங்கள், அவ்வளவு அழகு. இந்தப் பக்கத் தெருக்களில் மிதவையைக் கண்டால் தயவுசெய்து சுற்றிப் போங்கள்.

ரெஜினா அழைத்திருந்ததால், நான் மறுநாள் மணப்பாட்டிலிருந்து கல்யாணத்துக்கே திரும்பிவிட்டேன். முதல் பந்தியில் ரெஜினாவின் தம்பிக்குப் பக்கத்தில் மாரிமுத்து உட்கார்ந்திருந்தார். இலைக்குப் பக்கத்தில் முதலில் தண்ணீர் வைத்தார்கள். மிதவைகளை யாரும் எடுக்கவில்லை. மாதா கோயிலிலிருந்து வந்த மணப்பெண் வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு மிதவையை மிதிக்காமல் தாண்டி வீட்டுக்குள் போனாள்.