கூட்டத்தில் போட்ட குரல்

என் மகளின் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான். ரமணி அல்ல. கெடுத்துவிட்டு, பழியை ரமணியின் தலையில் வைத்ததும் நான்தான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை.

பாலசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெள்ள எழுதுவேன். போனில் வருகிற இங்கிலீஷ் எழுத்து எதுவும் எனக்குப் பிடிபடாது. அதனால் என் ஒரே மகள் கலா, சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிந்து அனுப்புவாள். அதை நாங்கள் வாய்ஸ் என்போம்.

கலாவுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ரமணி என்ற பெண்ணோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். அமெரிக்காவில் விடியும்போது இவளுக்கு வேலை தொடங்கும். சாயங்காலம் உட்கார்ந்தால் காலை வரைக்கும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போன முதல் பெண் அவள். அது எனக்கு எவ்வளவு திமிரைக் கொடுத்தது தெரியுமா?

அவள் வாய்ஸை நான் தனியாகக் கேட்டதே கிடையாது. வந்தவுடன் கேட்கமாட்டேன். நாலு பேர் சேரட்டும் என்று வைத்திருப்பேன். ரேஷன் கடை வரிசையில், சித்தூர் பஸ்ஸில், சாவு வீட்டில்கூட... சத்தத்தை முழுக்க ஏற்றி, போனைத் தீபாராதனைத் தட்டு மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போடுவேன்.

"அம்மா, துன்னுட்டியா? இங்க ஆபீஸ்ல ஏசி, குளுருது" என்று அவள் குரல் வரும். சுற்றி இருப்பவர்கள் பேச்சை விட்டுவிட்டுக் கேட்பார்கள். எனக்கு அது போதும்.

"தனியா கேளும்மா. நான் உன்கிட்ட பேசறனா, ஊரு கிட்ட பேசறனா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"கேட்டா கேட்டுட்டுப் போறாளுங்க. நம்ம பேச்சுல இன்னா கீது மறைக்க?" என்றேன்.

அவளுக்கு பாகாலாவில் ஒரு பையனைப் பேசி முடித்தோம். அவனுக்குத் திருப்பதியில் வேலை. பேசி முடித்த பிறகு இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். கலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும். அவள் குரலிலேயே தெரிந்தது.

அப்போது விதைக்கடலை உரிக்கிற சமயம். மழைக்கு முன்னால் கூலிக்குப் பெண்களை அழைத்து, வாசலில் உட்காரவைத்து உரிப்போம். மிஷினில் போட்டால் பருப்பு அடிபடும், முளைக்காது. கையால்தான் உரிக்க வேண்டும். அன்று காலையிலேயே கலாவின் வாய்ஸ் வந்துவிட்டது. அடுப்பு வேலையில் இருந்தேன், அதனால் கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். பொய். பெண்கள் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு, போனை முறத்தின் மேல் வைத்துப் போட்டேன்.

"அம்மா... பயப்படாத. போன வாரம் வேல முடிஞ்சி வந்து ரூம்ல விழுந்துட்டன். கை காலெல்லாம் இழுத்துக்கிச்சாம்..."

கடலை உடைபடுகிற சத்தம் நின்றது.

"அத நிறுத்துக்கா" என்றாள் என் பக்கத்தில் இருந்த கன்னியம்மா. பல வருஷமாக எங்கள் நிலத்துக்கு வேலைக்கு வருகிறவள்.

எனக்கு நிறுத்தத் தெரியும். விரலால் தொட்டால் நின்றுவிடும். நான் தொடவில்லை. நிறுத்தினால் எதையோ மறைக்கிறேன் என்று ஆகிவிடாதா? அடுத்த பேச்சில் நல்லதாக ஏதாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்...

"வலிப்புன்னு டாக்டர் சொன்னாரு. ராவெல்லாம் தூக்கம் இல்லாம கம்ப்யூட்டர் முன்னால கீறதால வந்திருக்கலாமாம். மாத்திர போட்டுக்கினு நல்லா தூங்கினா கட்டுல இருக்கும்னாரு. ரமணிதான் கூட இருந்து பாத்துக்கினா. அவளுக்கும் உனக்கும்தான் தெரியும். ஞாயித்துக்கிழம திருப்பதியில அவர பாக்கறன், நானே நேர்ல சொல்லிட்றன். அது வரிக்கும் யார்கிட்டயும் சொல்லாதம்மா."

வந்திருந்தவர்களில் ஒருத்தி, பாகாலாவில் அந்தப் பையன் இருக்கிற தெருவிலேயே தங்கையைக் கட்டிக்கொடுத்தவள். அதுவும் எனக்குத் தெரியும்.

"ஒன்னும் இல்ல. தூக்கம் கெட்டா தல சுத்தும்" என்றேன். எல்லாரும் குனிந்து கடலையை உரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போகவில்லை. அதற்கு முன்னாலேயே பையனின் அம்மா போன் செய்தாள். எங்களோடு எப்போதும் தமிழில் பேசுகிறவள், அன்றைக்குத் தெலுங்கில் பேசினாள். "மாக்கு ஒத்து அண்டி." எங்களுக்கு வேண்டாம். அவ்வளவுதான். யார் சொன்னது என்று கேட்டேன். அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. அந்த நேரத்திலும், என் பெயர் வெளியே வராது என்று எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்ததே... அதை என்னவென்று சொல்வது?

கலா போனில் அழவில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"அந்த வாய்ஸ தனியாதான கேட்ட?"

"தனியாதான் கேட்டன்."

"யார்கிட்டயும் சொல்லலியே?"

"பெத்தவ சொல்லுவனாடி?"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "கூட ஒருத்திய வச்சிக்கினு கீறியே, அவள கேளு. அவளுக்கும் இந்தப் பக்கம்தான ஊரு" என்றேன்.

ரமணி வரதய்யபாளையத்துப் பெண். என் மகள் வலிப்பில் கிடந்தபோது, தலை தரையில் இடிக்காமல் தன் கையை அடியில் வைத்திருந்தவள். அந்தக் கை வீங்கிப்போய் இருந்தது என்று கலாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளைத்தான் காட்டிக்கொடுத்தேன்... செய்யாத குற்றத்துக்கு!

கலா ரமணியோடு இருந்த அறையை விட்டுத் தனி அறைக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து ரமணி பஸ் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அத்த, நான் சொல்லல."

"அத இப்ப பேசி இன்னா ஆவப்போவுது?"

"எம்மேல பழி இருந்தா இருக்கட்டும் அத்த. அவ தனியா கீறா. வலிப்பு வந்தா யாரு பாப்பாங்க? என்கூட சண்ட போடட்டும், ஒரே ரூம்ல இருந்துக்கினு போடட்டும். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா."

மோர் கொடுத்தேன். குடித்தாள்.

"வலிப்பு வந்தா சாவிக்கொத்த கையில குடுக்காதீங்க. ஒருக்களிச்சிப் படுக்க வைங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். புறப்படும்போது, "அவ வாய்ஸ நீங்க ஊருக்கே போட்டுக் காட்டுவீங்கன்னு கலா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா அத்த" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? இல்லை. என் வீட்டில் நின்றுகொண்டு என்னையே கேட்கிறாயா என்று சீறியிருப்பேன்.

போன மாதம் கலா அந்தத் தனி அறையின் குளியலறையில் விழுந்துவிட்டாள். மறுநாள் தண்ணீர் வழிகிறது என்று பார்க்க வந்த வீட்டுக்காரர்தான் கண்டார். முன்பல் போய்விட்டது. புருவத்தில் தையல். ஊருக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். கேழ்வரகுக் கஞ்சியைக் கரைத்து நானே ஊட்டினேன்.

"ரமணி இருந்திருந்தா இப்பிடி கெடந்திருக்க மாட்டன் இல்ல?" என்றாள், வீங்கிய உதட்டோடு.

"ம்" என்றேன்.

"இருந்தாலும் அவள மன்னிக்க முடியலம்மா. இனிமே உன்ன ஒருத்தியதான் நம்புவன்."

"கஞ்சி ஆறிப்போவுது. துன்னு" என்றேன்.

நாளைக் காலையில் அவள் பெங்களூருக்குத் திரும்புகிறாள். அதே அறைக்குத்தான். துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. எழுந்து போய், "சொன்னது ரமணி இல்லடி, நான்" என்றால் போதும். அவள் ரமணியிடம் போய்விடுவாள். என் முகத்தில் விழிக்கமாட்டாள். ஆனால் விழுந்தால் தாங்க அவள் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது...

சொல்லமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.