காருக்குப் பிளாஸ்திரி

காலை ஏழே கால் மணி, பதினொரு கீறல்கள், கமலாபாய் சிஸ்டர். நெய்யாற்றின்கரை பக்கத்துத் திருப்புறத்தில் அந்த வேலை இப்படித்தான் தொடங்கியது. வீடு வீடாகப் போய் காரில் விழுந்த சின்னக் கீறல்களுக்குப் பெயிண்ட் தொட்டுக் கொடுப்பது என் தொழில். பெரிய அடி என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். வீட்டில் ஒருவர் கண்ணில் படக் கூடாதது மட்டும் என்னிடம் வரும். கார் வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினொன்று

கமலாபாய் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். நான் முதலில் போனபோது வயது எழுபத்தொன்று. கணவர் இறந்த பிறகு, அறுபத்திரண்டாவது வயதில் கார் ஓட்டப் படித்தார். தனியாகத்தான் இருந்தார். போர்ச்சில் நின்ற மெரூன் காரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு கீறல் மேலும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. அதன் மேல் பேனாவால் தேதி. மழை பட்டுத் துருப் பிடிக்கக் கூடாது என்று கீறல் விழுந்த அன்றைக்கே ஒட்டிவிடுவாராம்.

வெயிலில் வெந்து பிசின் பெயிண்டோடு இறுகியிருந்தது. கீறல்களைச் சரிசெய்ததை விட, பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. இனிமேல் ஒட்ட வேண்டாம், அப்படியே விட்டால் எனக்கு வேலை பாதியாகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை.

"புண்ணெ தொறந்து போட்டுட்டு எனக்கு உறக்கம் வராது மக்கா."

இருபது நிமிஷம்

வேலை எளிது. காரின் கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் நிறத்தின் எண் இருக்கும். அதற்கேற்ற சின்னக் குப்பி வாங்க வேண்டும். கீறலைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மிக நைசான உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்து, மெல்லிய பிரஷ்ஷால் தொட வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் கட்டி தட்டும். மூன்று தடவை, நடுவில் இருபது நிமிஷம் காய விட வேண்டும். அந்த இருபது நிமிஷத்தில்தான் இந்தத் தொழிலின் தனிமை இருக்கிறது. வீட்டுக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். டிவி சத்தம் கேட்கும். நாம் போர்ச்சில் நின்று பெயிண்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

சிஸ்டர் மட்டும் உள்ளே போகவில்லை. இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஒவ்வொரு கீறலுக்கும் வரலாறு சொன்னார். இது கேட் தூண். இது சபைக் கோயில் மதில். இது அம்பூரியில் ரப்பர் லாரிக்கு வழிவிட்டபோது பட்ட கல். அம்பூரியில் அவருடைய அக்கா நான்கு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். புதன்கிழமைதோறும் காரில் போய் அக்காவைக் குளிப்பாட்டிவிட்டு வருவார். பஸ்ஸில் என்றால் மூன்று மாற வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"மெள்ளக் காயட்டும். காஞ்சா நீயும் போயிருவ."

மெல்பர்ன் போன்

அப்புறம் ஒவ்வொரு டிசம்பரும் எனக்கு அங்கே வேலை உண்டு. காரணம் அவருடைய மகள். மெல்பர்னிலிருந்து கிறிஸ்துமசுக்கு வருவாள், பெட்டியை இறக்கும் முன்பே காரைச் சுற்றி நடப்பாள். புதிதாக ஒரு கீறல் கண்டாலும் காரை விற்பது என்று அம்மாவும் மகளும் பேசிவைத்திருந்தார்கள். மூன்று டிசம்பர் அவள் சுற்றி வந்தாள், ஒன்றும் அகப்படவில்லை. தொழில்காரனாக எனக்கு அதில் பெருமைதான்.

நாலாவது வருஷம் ஓணம் கழிந்து அவளே என்னைக் கூப்பிட்டாள். போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது என் நம்பரை அம்மாவின் போனில் பார்த்திருக்கிறாள். அம்மா காரில் நீங்கள் ஏதாவது வேலை செய்வதுண்டா என்று கேட்டாள். பாலிஷ் மட்டும் போடுவேன் என்றேன். அவள் போனை வைக்கவில்லை. எனக்கும் வைக்க மனம் வரவில்லை.

"அண்ணா, அம்மைக்கு ஏதும் ஒண்ணு பற்றினா நான் வந்துசேர ரெண்டு நாளாவும். நீங்க மறைக்கிறது வெறும் பெயிண்ட் இல்ல."

பத்தாவது

அந்த டிசம்பரில் போனேன். ஒன்பது பிளாஸ்திரி. ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தபோது, இடதுபக்கப் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குப் பத்தாவது கீறல் கிடந்தது. அதில் பிளாஸ்திரி இல்லை. கைப்பிடி உயரத்தில் கறுப்பு ரப்பர் உரசிய தடம், அதற்குக் கீழே நீலப் பெயிண்ட். ஒரு ஸ்கூட்டர் உரசியிருக்கிறது. உரசியது சிஸ்டருக்குத் தெரியவில்லை.

காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எப்போது என்று என்னைக் கேட்டார், எனக்கு எப்படித் தெரியும்? ஓரத்தில் சேறு படிந்திருந்ததால் ஒரு வாரமாவது இருக்கும் என்றேன். யாராவது விழுந்திருப்பார்களா என்று கேட்டார். உள்ளே போய் போன வாரம் தான் போன வழியிலெல்லாம் தெரிந்தவர்களுக்கு போன் செய்தார். நெய்யாற்றின்கரையிலும் வெள்ளறடையிலும் அப்படி யாரும் விழுந்ததாகக் கேள்வி இல்லை.

நான் குப்பியைத் திறந்து வைத்திருந்தேன். நாற்பது நிமிஷ வேலை. மெல்பர்ன்காரி சூரியனைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் செய்திருப்பேன். சிஸ்டர் வெளியே வந்து, அந்தக் கதவுக்கும் எனக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மத்த ஒம்பதும் செய். இதெத் தொடாதே. அவ வந்து பாக்கட்டும்."

பன்னிரண்டு வருஷத் தொழிலில் நான் பார்த்துச் செய்யாமல் விட்டது அந்த ஒரு கீறல்தான், அதில் பாராட்டும் வாங்கவில்லை, பழியும் வாங்கவில்லை. மகள் வந்து பார்த்தாள்; கார் புதுவருஷம் பிறந்த வாரமே விற்றுப்போய்விட்டது. ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, கமலாபாய் சிஸ்டர் மூன்று பஸ் மாறி அம்பூரிக்குப் போய் அக்காவைக் குளிப்பாட்டினார்.