டெய்லரம்மா வெட்டிய வழி

டெய்லரம்மா யாருக்கும் இரண்டாம் தடவை அளவெடுக்க மாட்டார். ஆளைப் பார்த்தாலே தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அந்தத் தலைக்கனம் அவருக்குக் கொஞ்சம் உண்டு. தைத்துக் கொடுத்த சட்டை கச்சிதமாக இருந்துவிடுவதால், தெருவில் ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

அவருடைய கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் வாக்கரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு என்பதில்தான் வம்பு வந்தது.

மகனுக்குத் தன் அடுக்குமாடி வீட்டுக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போக ஆசை.

"கேட்டிலேருந்து வாசல் வரைக்கும் ஒரே காடு. நல்லா இருக்கிறவனே ஒருக்களிச்சுத்தான் போகணும். அப்பா வாக்கரோட எப்படிம்மா வருவார்?"

"நடந்து வருவார்."

"சரி, யாரும் பிடிக்காம அவரே வாசல் வரைக்கும் வரட்டும். வந்துட்டா நான் வாயே திறக்கல. வரலேன்னா அப்படியே கார்ல ஏத்திக்கிட்டுப் போயிடுவேன், நீயும் கிளம்பணும்."

"ஆகட்டும்" என்றார் டெய்லரம்மா. ஒருமுறை போய்விட்டால் திரும்பி வர விடமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். மகன் கெட்டவனில்லை, பாசம் அதிகம். அதுதான் பயமே.

அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. நடைபாதைக்கு ஒரு பக்கம் செம்பருத்தி, மறு பக்கம் காகிதப்பூ. இரண்டும் டிரைவர் வைத்தவை. கத்தியோடு யாராவது கிட்டே போனால் மனுஷன் சாமியாடிவிடுவார். கிளை நீண்டால் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவாரே தவிர வெட்டமாட்டார். வருஷக்கணக்கில் செல்லம் கொடுத்ததில், இரண்டும் பாதைக்கு மேலே கட்டிப் புரண்டுகொண்டிருந்தன.

டெய்லரம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் இஞ்ச் டேப்பால் வாக்கரை அளந்தார். தையலுக்கு விடுவதுபோல இருபுறமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, பாதைக் கல்லின் மேல் சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்தார். கோட்டைத் தாண்டி வந்த இலை, கிளை எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளினார். சாயங்காலம் பாதை இஸ்திரி மடிப்பு மாதிரி நேராக இருந்தது. இதற்குப் போய் காடு, மேடு என்று அலட்டினானே என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கதவைத் திறந்தால், பாதையைக் காணோம்.

நுனியில் வெட்டிய கிளைகள்தான் மேலே இருந்தவற்றை இத்தனை நாள் முட்டுக்கொடுத்துத் தாங்கியிருக்கின்றன. முட்டு போனதும் மேலே இருந்ததெல்லாம் பொத்தென்று பாதையில் சாய்ந்துவிட்டது. துணி, வெட்டின இடத்தில் அப்படியே கிடக்கும். செடிக்கு அந்த மரியாதை தெரியாது. தன் அளவு தப்பியது டெய்லரம்மாவுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. சுருக்கென்றது.

உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். வெளியேதான் பச்சை, உள்ளே எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த வெறும் குச்சி. ஓரத்தைக் கத்தரிப்பதில் பிரயோஜனமில்லை, முழங்கால் உயரத்துக்கு அறுத்தாக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி டிரைவர் தினமும் கேட்கும் கேள்வி, "செம்பருத்தி மொட்டு விட்டிருக்கா?" என்பதுதான். அழுகை வந்தது. கணவரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரம்பத்தை எடுத்து, அழுதுகொண்டே அறுத்தார். காகிதப்பூ முள் சட்டையையும் தாண்டிக் கையைப் பிறாண்டியது. எல்லாம் சரிந்து விழுந்த பிறகு, தான் போட்ட கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செம்பருத்திப் பக்கம் கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு வரிசையை அறுத்தார்.

வெள்ளிக்கிழமை கார் வந்து நின்றது. மகன் கதவைத் திறந்து அப்பாவை இறக்கினான். கதவை மூடவில்லை.

கேட்டுக்குள் பார்த்ததும் டிரைவரின் முகம் சுண்டிப்போயிற்று. வாக்கரை ஊன்றி நடந்தார். பாதி வழியில், செம்பருத்தியின் அடிக்கட்டைகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். மகன் ஓடிவரப் பார்த்தான்.

"அங்கேயே நில்லுடா" என்றார் டெய்லரம்மா.

"மொட்டையடிச்சிட்டியே" என்றார் டிரைவர்.

"வேர் இருக்குங்க. தழைச்சிடும்."

"இந்த வாக்கருக்கு இவ்வளவு அகலம் எதுக்கு? ஒரு பஸ்ஸையே விடலாம் போல இருக்கே."

"வாக்கருக்கு மட்டும் வெட்டினா, பக்கத்துல நான் எங்க நடக்கிறதாம்?"

டிரைவர் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் கையில் இருந்த கீறல்களையும் பார்த்தார். பிறகு வாக்கரை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்து இடம் விட்டார். டெய்லரம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டார், தொடவில்லை. இருவரும் சேர்ந்தாற்போல் நடந்து வாசலை எட்டினார்கள்.

மகன் கார்க் கதவைச் சாத்திவிட்டு, டிக்கியிலிருந்து அப்பாவின் பையை எடுத்தான்.