பக்கத்து வீட்டு இஞ்சின்

இன்று காலை, என்னைவிட இரண்டு வயது மூத்த எங்கள் காரைப் பெயர் மாற்ற மோட்டார் வாகனப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டு போனோம். படுக்கையில் இருக்கும் என் கணவரின் வைத்தியத்துக்காக அதை விற்கிறோம். கார்ப் புத்தகம் தன் பெயருக்கு மாறினால்தான் காசு என்று, வாங்க வந்த கல்கிசைக்காரர் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை வருடா வருடம் காசைக் கட்டினால் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிடும். ஒருவரும் பொனற்றைத் திறந்து இஞ்சினைப் பார்த்ததில்லை.

கொழும்பில் திறந்தார்கள்.

"அம்மா, புத்தகத்தில இருக்கிற நம்பர் வேற, இஞ்சின்ல இருக்கிற நம்பர் வேற" என்றார் அதிகாரி.

"ஓம் தம்பி. சண்டைக் காலத்தில எங்கட இஞ்சின் பழுதாப் போச்சு. பக்கத்து வீட்டு அண்ணையின்ர காரில இருந்து கழட்டிப் போட்டது."

"களவோ?" விற்பனையைப் பேசி முடித்து எங்களோடு வந்த புரோக்கர் பின்னால் நின்று சிரித்தார்.

"இல்லை. நாங்கள் இந்தியாவுக்குப் போறம், தேவையெண்டால் எடுங்கோ எண்டு அவரே கார்த் திறப்பைத் தந்திட்டுப் போனவர்."

அதிகாரி நல்ல பிள்ளை, கோபப்படவில்லை. "அப்ப ஒரு கடிதம் போதும் அம்மா. இஞ்சினைத் தந்தது நான்தான் எண்டு அவர் கையெழுத்து வைச்சுத் தரட்டும்."

அண்ணையும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஏறிய படகு இந்தியக் கரைக்குப் போய்ச் சேரவேயில்லை.

அதைச் சொன்னேன். கார்ப் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு, "வேற ஆள் கையெழுத்து வைக்க ஏலாது அம்மா" என்றார்.

கார் திரும்பக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கே வந்துவிட்டது.

இறந்தவர்களுக்கான மாதமென்று ஒவ்வொரு நவம்பரிலும் மாதா கோயிலில் அந்த ஐந்து பேருக்கும் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். இதுவரை ஒரு பதிலும் இல்லை. அண்ணையிடம் கடிதம் எடுக்க வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.