எட்டரைக்குத் திறக்கும் நடைபாதை

கிளிநொச்சி நகருக்குள் இருந்துகொண்டு காலாற எங்கே நடக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, போன மாதம் வரை என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: எங்கள் வீட்டிலிருந்து 600 மீற்றரில் உள்ள குளக்கட்டு. என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடது கால் இழுபட்டுப் போனது. "முதல் ஆறு மாசம்தான் முக்கியம். விட்டால் கால் பிறகு திரும்பாது. நாளாந்தம் அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்றார் டொக்டர். நாங்கள் மாசியில் தொடங்கினோம்.

காலை 5.45க்கு வெளிக்கிட்டால் 6.10க்குக் குளக்கட்டில் நிற்கலாம். செம்மண் தரை, காலுக்குச் சுகம். மருதமரத்து நிழலில் நின்றால் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவிடுவது தெரியும். சித்திரையில் அவர் ஊன்றும் பொல்லில்லாமல் இருபது அடி வைத்தார். நான் குளறி அழுதுவிட்டேன், சந்தோசத்தில்தான்.

பிறகு அபிவிருத்தி வந்தது. மூன்று வாரம் மூடி வைத்துக் கல் பதித்தார்கள், கேற் போட்டார்கள், பலகை நட்டார்கள். போன திங்கட்கிழமை போனால் பெரிய பூட்டு. "நடைப்பயிற்சிப் பாதை. மு.ப. 8.30 முதல் பி.ப. 4.15 வரை." கந்தோர் நேரம்! எட்டரைக்கு இந்த வெயிலில் ஆர் நடக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்? மாடே நிழல் தேடி ஒதுங்குகிற நேரம்.

கேற்றுக்கு உள்ளே காவலுக்கு வாச்சர் நின்றார்.

"அண்ணை, ஒருக்காத் திறவுங்கோ. இவர் நடக்கவேணும்."

"விளங்குது ரீச்சர். ஆனா பூட்டுத் திறப்பு பிரதேச சபைக் கந்தோரிலை. எட்டரைக்குத்தான் தருவினம்."

"அப்ப நீங்கள் எப்பிடி உள்ளுக்கை போனனீங்கள்?"

"நான் கம்பிக்குள்ளாலை பூந்துதான் வாறனான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாவம், அந்த மனிசனை ஏசி என்ன பயன்?

மெயின் றோட்டில் நடந்து பார்த்தோம். 200 மீற்றர் போகவில்லை, ரிப்பர் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுமாப்போல் போனது. அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் கதிரையை விட்டு எழும்பவில்லை. "விடுமப்பா, நான் நடந்து என்னத்தைக் கிழிக்கப் போறன்" என்றார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆறு மாதத்தில் நாலரை மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இதை வாசித்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு: பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோ 300 ரூபாய், நுழைவுக் கட்டணம் இல்லை. குடையும் தண்ணீரும் கட்டாயம். பறவை பார்க்க ஆசைப்பட்டு வராதீர்கள், அதுகள் எட்டரைக்கு முதலே எழும்பிப் போய்விடும்.

வியாழக்கிழமை முறைப்பாட்டுக் கடிதத்தோடு நான் ஓட்டோவுக்குப் போன் எடுக்கப் போக, கதிரையில் இருந்தவர் எழும்பினார். "ஓட்டோ வேண்டாம். நானும் வாறன். நடப்பம்."

கந்தோர் 1.4 கிலோமீற்றர். வருத்தம் வந்த பிறகு அவர் ஒரேயடியாய் அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. மெயின் றோட்டை விட்டுச் சின்ன ஒழுங்கைகளால் போனோம், மூன்று இடத்தில் வேலி நிழலில் நின்றோம். 8.00க்கு வெளிக்கிட்டு 9.10க்குப் போய்ச் சேர்ந்தோம். சேட்டு முழுக்க வியர்வை.

அதிகாரி கடிதத்தை வாசிக்காமலே, "ஐயா, இந்த நிலைமையிலை ஏன் நடந்து வந்தனீங்கள்?" என்றார்.

என் கணவருக்கு வாய் இன்னும் கொஞ்சம் கொன்னும். ஆறுதலாகச் சொன்னார்:

"எனக்கு நடக்க வேறை இடமில்லை, தம்பி. இனி இஞ்சைதான். நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வருவன், கந்தோரைத் திறந்து வையுங்கோ."